ஆடிட்: தணிக்கை, கணக்காய்வு, கணக்குக் கேட்பு

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ‘ஆடிட்டர்’ என்றால் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுப்பவர். ‘ஆடிட்’ என்றால் அலுவலக ஜன்னலில் “இன்னைக்கு ஆடிட், நாளைக்கு வாங்க” என்று நம்மைத் திருப்பி அனுப்பச் சொல்லும் காரணம். இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. நம் தெருச் சாக்கடைக்கு என்று ஒதுக்கிய பணம் சாக்கடைக்குத்தான் போனதா என்று பார்க்கும் வேலை. குடிமக்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். அதிகம் புழங்காததும் இதுதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஆடிரே’ என்றால் காதால் கேட்பது. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே வேரில் வந்தவை. எழுத்தறிவு சிலரிடம் மட்டும் இருந்த காலத்தில், செலவுக் கணக்கை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் உட்கார்ந்து கேட்பார். கேட்டவர்தான் ஆடிட்டர். கணக்கு எழுதியவரும் செலவு செய்தவரும் கேட்பவர் முன்னால் நிற்க வேண்டும். இன்றைய ஆடிட்டில் காகிதம் மட்டும்தான் நிற்கிறது.

தமிழில் நாம் இதற்குத் ‘தணிக்கை’ என்கிறோம். பார்த்தால் அசல் தமிழ் மாதிரி இருக்கும். தணி, தணித்தல், தணிவு என்ற வரிசையில் வைத்து, ‘சூட்டைத் தணிப்பதுபோல் தவறைத் தணிப்பது’ என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அரபியில் ‘தன்கீஹ்’ என்றால் வேண்டாததைக் கழித்துச் சீர்ப்படுத்துவது. அது உருது வழியாகத் தென்னிந்தியக் கச்சேரிகளுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, வந்து சேர்ந்தது. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, ஜமாபந்தி, மராமத்து எல்லாம் வந்த அதே வழி. தெலுங்கில் அது ‘தனிகீ’, கன்னடத்தில் ‘தனிகே’. தமிழ் மட்டும் அதற்கு ஒரு ‘ண’வையும் ஒரு ‘க்’கையும் கொடுத்துத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. (முருகன் இருக்கும் திருத்தணிகைக்கும் இதற்கும் உறவில்லை. அதில் ‘க்’ இல்லை.)

பெங்களூரில் வாழும் தமிழருக்கு இங்கே ஒரு சிக்கல். கன்னட நாளிதழில் ‘தனிகே’ என்று போட்டிருந்தால் அது போலீஸ் விசாரணை, சிபிஐ விசாரணை. தமிழில் தணிக்கை என்றால் கணக்குச் சரிபார்ப்பு, இல்லாவிட்டால் சினிமா சென்சார். ஒரே அரபிச் சொல் அத்திப்பள்ளி எல்லையின் இரண்டு பக்கமும் வேறு வேறு வேலை பார்க்கிறது. மாநகராட்சி ஊழல் பற்றிய செய்தியில் ‘தனிகே’ என்று பார்த்துவிட்டு, “ஆடிட் போட்டுட்டாங்களாம்” என்று சொல்லிவிட வேண்டாம். கன்னடத்தில் ஆடிட்டுக்கு ‘லெக்க பரிசோதனே’ என்று தனிச் சொல் இருக்கிறது. லெக்க என்றால் கணக்கு.

இலங்கைத் தமிழர் இதைக் ‘கணக்காய்வு’ என்கிறார்கள். அங்கே அரசின் தலைமைத் தணிக்கையாளர் ‘கணக்காய்வாளர் நாயகம்’. சொல் நேராக இருக்கிறது, பொருள் வெளியே தெரிகிறது, சென்சாருடன் குழப்பமும் இல்லை. ஆய்தல் என்ற வினைக்கு இந்த வேலையில் பழைய அனுபவமும் உண்டு. சோழர் காலத்தில் கோயில் நிர்வாகத்தையும் வரவுசெலவையும் அதிகாரிகள் பார்வையிட்டதை ‘ஸ்ரீகாரியம் ஆராய்தல்’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால் ஆடிட்டுக்கு நேரான தமிழ் கணக்காய்வுதான். அதற்காகத் தணிக்கையைத் துரத்த வேண்டியதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, தணிக்கைத் தடை என்று தமிழ்நாட்டு அலுவலகங்களில் அது ஊறிவிட்டது. சமூகத் தணிக்கை என்ற சொல்லும் கிராம சபைவரை போய்விட்டது.

ஆனால் இரண்டு சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. இரண்டிலும் வேலை செய்பவர் அதிகாரி. கணக்கை ஓர் அதிகாரி எழுதுகிறார், இன்னோர் அதிகாரி ஆய்கிறார். வரி கட்டியவர் எங்கேயும் இல்லை.

நடைமுறையும் அப்படித்தான். நகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்ய மாநிலச் சட்டமன்றம் விதி செய்யலாம் என்று அரசியலமைப்பின் 243இசட் பிரிவு சொல்கிறது. 74-வது திருத்தத்தின் மூலம் 1993-ல் நடைமுறைக்கு வந்த பிரிவு அது. கர்நாடகத்தில் மாநிலக் கணக்குத் தணிக்கைத் துறை இதைச் செய்கிறது. அதற்கு மேல் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர், அதாவது சிஏஜி. பெங்களூரின் மழைநீர் மேலாண்மை பற்றி 2021-ல் சிஏஜி அறிக்கை ஒன்று வந்தது. ஏரிக்கு ஏரி தண்ணீர் போக இருந்த ராஜகாலுவேக்கள் அறுபட்டதையும் ஆக்கிரமிக்கப்பட்டதையும் அது எடுத்துச் சொன்னது. அடுத்த ஆண்டே, 2022 செப்டம்பரில், பெல்லந்தூர் பக்கம் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். தண்ணீர் வந்த தெருவுக்கு அந்த அறிக்கையை யாரும் கொண்டுவந்து படித்துக் காட்டுவதில்லை.

இங்கேதான் தமிழிடம் லத்தீனைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறது: கேள். காதால் கேட்பதும் கேள், வாயால் கேட்பதும் கேள். திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் செவியால் பெறும் அறிவைப் பற்றியது. இன்றைய கேள்வி, பதிலுக்கு முன்னால் வருவது. ‘கணக்குக் கேட்டல்’ என்றால் கணக்கை எடுத்துவரச் சொல்வதும் வந்த கணக்கைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒன்றாக அடங்கிவிடும். தமிழ்நாட்டு அரசியலில் இந்தச் சொல்லின் எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1972 அக்டோபரில் எம்ஜிஆர் தன் கட்சியில் கணக்குக் கேட்டார். அந்த மாதமே வெளியேற்றப்பட்டார், அந்த மாதமே தனிக்கட்சி பிறந்தது.

கேட்பதற்கு எதிர்ப்பக்கம் ‘காட்டல்’. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து, 919-ஆம் ஆண்டையும் 921-ஆம் ஆண்டையும் சேர்ந்த கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். குடவோலை என்ற சீட்டுமுறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்ப் பொறுப்பு ஏற்க யாருக்குத் தகுதியில்லை என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து ‘கணக்குக் காட்டாதே இருந்தாரையும்’, அதாவது காட்டாமல் இருந்தவரையும், விலக்கு என்கிறது கல்வெட்டு. அவரை மட்டுமில்லை, நெருங்கிய உறவினரையும் பெயர் எழுதவிடக் கூடாதாம். இதை இன்று வார்டு தேர்தலுக்குக் கொண்டுவந்தால் சில குடும்பங்களில் ஓட்டுப் போடத்தான் ஆள் இருக்கும், நிற்க ஆள் இருக்காது.

‘கணக்குக் காட்டாதே’ என்பதில் யார் மேல் பாரம் என்று பாருங்கள். தவறு செய்தாரா என்று பிறகு பார்க்கலாம்; காட்டவில்லை என்பதே குற்றம். அக்கவுண்டபிலிட்டி என்ற பெரிய சொல்லுக்குப் பொறுப்புக்கூறல், பொறுப்புடைமை, பதிலளிக்கும் கடமை என்று பல பெயர்கள் புழங்குகின்றன. கட்டுரைக்கு அவை சரி. வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று “பொறுப்புக்கூறல் வேண்டும்” என்றால் பொறியாளர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். “இந்த வேலைக்குக் கணக்குக் காட்டுங்க” என்றால் தலையாட்ட முடியாது.

பெங்களூரில் எதற்குக் கணக்குக் கேட்கலாம்? சொத்து வரி ரசீதையே எடுத்துக்கொள்ளலாம். வரிக்கு மேல் செஸ் என்று பல ஆண்டுகளாக வசூலித்த 24 சதவீதத்தில் சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சையெடுப்போர் மறுவாழ்வுக்கு 3. கடைசியில் சொன்னது 1975-ஆம் ஆண்டின் பிச்சைத் தடைச் சட்டத்தோடு வந்தது. இவை மாநகராட்சி தன் விருப்பத்துக்குச் செலவு செய்யும் பணமில்லை; வசூலித்து உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டியவை. முழுதாகப் போய்ச் சேரவில்லை என்ற புகார் நீண்ட நாளாக இருக்கிறது. அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ உள்ள பொது நூலகத்தில் தமிழ் வார இதழ் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பெரியவர்கள் முதலில் அந்த 6 சதவீதத்தைப் பற்றிக் கேட்கலாம்.

கேட்டுப் பார்த்த வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. 1994-ல் பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் பொதுச் சேவைகளைப் பயன்படுத்தும் மக்களிடமே போய்க் கேட்டு, தண்ணீர், மின்சாரம், மாநகராட்சி என்று ஒவ்வொரு துறைக்கும் மதிப்பெண் போட்டார். குடிமக்கள் ரிப்போர்ட் கார்டு என்று அதற்குப் பெயர். வந்த மதிப்பெண் பெற்றோரிடம் காட்டும்படி இல்லை. 1999-லும் 2003-லும் அதைத் திரும்பச் செய்தபோது மெல்ல ஏறியது. 2002-ல் ஜனாக்கிரகா முதலிய அமைப்புகள் சேர்ந்து ‘ப்ரூஃப்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, மாநகராட்சியின் வரவுசெலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் முன் வைத்துப் பேச வைத்தன. லத்தீன்காரர் சொன்ன பழைய ஆடிட்டுக்கு அது மிக அருகில் வந்தது. ராஜஸ்தானில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய ஜன் சுனவாயிலும் இதே கருத்துதான்: ஜன் என்றால் மக்கள், சுனவாய் என்றால் கேட்பு. ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’, எங்கள் பணம் எங்கள் கணக்கு என்பது அவர்கள் முழக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு திட்டம் வரும்போது ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ நடத்துகிறார்கள் அல்லவா, அந்தச் சொல்லமைப்பை அப்படியே எடுத்து ‘கணக்குக் கேட்பு’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. அலுவலகத்துக்குள் நடப்பது கணக்காய்வு. தெருவில், வார்டில் நடப்பது கணக்குக் கேட்பு.

இதை யாரிடம் கேட்பது என்பதுதான் இப்போது குழப்பம். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்புறம் ஆண்டுக்கணக்கில் கார்ப்பரேட்டரே இல்லை, நிர்வாக அதிகாரிதான். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற அந்த மாநகராட்சியே கலைந்து ஐந்து மாநகராட்சிகளாகி, மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்துவிட்டது. பழைய வார்டில் போட்ட வேலையின் கோப்பு எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

அதனால் பெரிதாகக் கேட்காமல் சின்னதாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் வார்டு எண்ணும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஜாப் நம்பர் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் நகல், கொடுத்த பில் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், ஏறக்குறைய 150 சொல்லுக்குள். ஒப்பந்தக்காரரைத் திட்டுவதற்கு அதில் இடம் போதாது, ஒரு வகையில் நல்லதுதான்.

மனுவைத் தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம், இந்தி, இல்லாவிட்டால் அந்த மாநிலத்தின் ஆட்சிமொழி என்கிறது சட்டம். ஆனால் வார்டு கூட்டத்தில் வாயால் பேசுவதற்குப் பெரிய சிரமம் இல்லை. கன்னடத்தின் ‘கேளு’வுக்கும் நம் கேளைப் போலவே இரண்டு பொருள். நம் கேட்பு அங்கே ‘லெக்க கேளோது’. பொறியாளரிடம் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: ‘லெக்க கொடி’.