திரும்ப வந்துட்டான், சரி. பிரிந்தது எதனால்?

"அக்கா, அவன் திரும்பப் பேசிட்டான்."

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த வார்த்தையோடு அந்தப் பெண் என் அறைக்கு வருவது இது மூன்றாவது வருடம். ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கும் அவர் காதலிக்கிறவருக்கும் பாம்பன் பக்கம், ஒரே தெரு. எட்டாம் வகுப்பில் ஒரே டியூஷன். பத்தாவதில் வீட்டுக்குத் தெரிந்து, இவரைச் சாயல்குடியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது முதல் பிரிவு. அப்புறம் கடனை அடைக்க அவர் வளைகுடாவுக்குப் போனார். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து விசைப்படகில் ஏறினார். அதன் பிறகும் நான்கு தடவை பிரிந்து சேர்ந்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளும் நன்றாக இருப்பார்கள். படகு கடலுக்குப் போக ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பிக்கும்.

"எத்தனை பேர் பிரிச்சாங்க, அப்பவும் சேர்ந்துட்டோமே அக்கா" என்றார்.

ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பிரிவையும் எழுதி, எதிரில் யாரால் என்று குறிக்கச் சொன்னேன். முதலாவதுக்கு எதிரில் 'அப்பா', இரண்டாவதுக்கு 'கடன்' என்று வேகமாக எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது. போனை எடுக்கவில்லை என்று திட்டியது, கடையில் யாரிடம் சிரித்தாய் என்று கேட்டது, ஒரு தடவை கையை முறுக்கியது. அந்த நான்கிலும் ஊரும் இல்லை, அப்பாவும் இல்லை.

நம் கரையில் காத்திருப்பது பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் கணவருக்காகக் காத்திருக்கிறார்கள். கீழக்கரையில் வெளிநாட்டிலிருந்து வரும் விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கடல் பிரித்தவருக்காகக் காத்திருப்பதும், கையை முறுக்கியவர் மாறுவார் என்று காத்திருப்பதும் வேறு வேறு. ஊர் இரண்டையும் ஒரே பெயரில் பாராட்டிவிடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த உறவிலிருந்து வெளியே வர முடியாததற்குக் காரணம் அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல. எப்போதாவது மட்டும் இரை கிடைத்துப் பழகிய உயிர், இரை நின்ற பிறகும் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. மீனவர் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். நாலு நாள் வெறுங்கையோடு வந்தாலும், ஐந்தாம் நாள் ஒரு நல்ல மீன்பாடு கிடைத்தால் யாரும் வலையைச் சுருட்டி வைப்பதில்லை. பத்து மாத வேதனைக்குப் பின் வரும் அந்த இரண்டு மாதம் அப்படிப்பட்ட மீன்பாடு.

பள்ளிப்பருவக் காதல் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள். வேறு வேறு மதம், ஒன்பது வருடப் பிரிவு. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அந்த 30 நாள் இடைவெளியில் என்னிடம் பேச வந்தார்கள். "பதினஞ்சு வயசுல பார்த்த ஆள் இல்ல இவுக. இப்ப இருக்குற ஆளத் தெரிஞ்சுக்கணும்" என்றார் அந்தப் பெண். சம்பளம், குடி, கோபம், பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று எல்லாவற்றையும் பேசினார்கள். திரும்பச் சேருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் பேச்சைத்தான்.

பெற்றோருக்கு ஒன்று. போனைப் பிடுங்கி வேறு ஊருக்கு அனுப்பினால் காதல் போய்விடாது, உங்களிடம் சொல்லும் பழக்கம்தான் போகும். 18 வயது நிறையாவிட்டால், பாலியல் தொடர்பு சம்மதத்தோடு இருந்தாலும் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்காகும் என்பதைப் பிள்ளைகளிடம் மிரட்டாமல் சொல்லுங்கள். "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கையை முறுக்கியவர் தாலி கட்டியதும் மாறிவிட மாட்டார்.

அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரையும் கூட்டி வருகிறேன் என்றார். வரட்டும், ஆனால் தனித்தனியாகத்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். கை நீட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அடி வாங்கியவரால் உண்மையைப் பேச முடியாது.