நாங்கள் கட்டிய காசு எங்கே இருக்கிறது?

வடமேற்கு இலண்டனில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அரச ஓய்வூதியத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் வாதம் சூடுபிடிக்கும் வாரங்களில், வரிப் படிவத்தோடு வரும் அறுபது கடந்த வாடிக்கையாளர்கள் கதிரையில் அமர்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நாங்கள் கட்டின காசைத்தானே கேக்கிறம். பிச்சையே கேக்கிறம்?"

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அந்தக் காசு யாருடைய பெயரிலும் எங்கும் சேர்ந்து கிடக்கவில்லை என்று சொன்னால் பலர் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இன்று வேலை செய்பவர்களிடம் வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் பொதுவாக 8 வீதமாகவும் முதலாளிகளிடம் 15 வீதமாகவும் பெறப்படும் தேசியக் காப்புறுதிப் பணத்திலிருந்துதான் இன்றைய முதியவர்களுக்கு ஓய்வூதியம் போகிறது. நம் பெயரில் எஞ்சுவது எத்தனை ஆண்டுகள் சேர்ந்தன என்ற கணக்கு மட்டுமே. 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி, தேசியக் காப்புறுதிப் பதிவேட்டில் குறைந்தது 10 ஆண்டுகள் இல்லாதவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. முழுத்தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும்.

சேமிப்பு இல்லாத இடத்தில் விதியே எல்லாம். அந்த விதியை நாடாளுமன்றம் மாற்றலாம், மாற்றியும் வருகிறது. 1909 ஜனவரி 1ஆம் திகதி ஓய்வூதியம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, அது எழுபது வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங்காக இருந்தது. இப்போது விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது கூடியதோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். இந்த 'மும்மடிப் பூட்டு' என்றைக்கும் நிற்கும் என்று நான் நம்பவில்லை. 2022இல் சம்பள உயர்வை ஓராண்டுக்கு ஒதுக்கிவைத்து 3.1 வீதம் மட்டுமே உயர்த்தினார்கள். வீட்டு வாடகையே கட்ட முடியாமல் திணறும் முப்பது வயதுக்காரர்களின் முணுமுணுப்பும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

வரிப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. 2026 ஏப்ரல் முதல் முழு ஓய்வூதியம் வாரம் 241.30 பவுண், அதாவது 52 வாரங்களுக்கு 12,547.60. தனிநபர் வரிவிலக்கு வரம்போ 2021இலிருந்து 12,570இலேயே நிற்கிறது. இடைவெளி 22 பவுண் 40 பென்ஸ். அடுத்த ஆண்டு மிகக் குறைந்த 2.5 வீதம் உயர்ந்தாலே ஓய்வூதியம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஒரு கையால் கூட்டிக் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்வது என்றால் இதுதான். 'பென்ஷனுக்கு வரி இல்லை' என்று என்னிடம் அடித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. வரி கழிக்கப்படாமல் அது வங்கிக்கு வந்துசேர்வதால் வரும் மயக்கம் அது. வீட்டு வாடகை வருமானமும் உள்ளவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்ப நினைப்பவர்களுக்கு இன்னொரு விதி காத்திருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் குடியிருப்பவருக்கு ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் ஆண்டு உயர்வு கிடைக்காது. அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ இருந்தால் கிடைக்கும். இதை எதிர்த்துப் பதின்மூன்று ஓய்வூதியர்கள் தொடுத்த வழக்கில், ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கென்று மட்டும் கட்டப்படுவது அன்று என்பது நீதிபதிகள் சுட்டிய காரணங்களில் ஒன்று. 'நாங்கள் கட்டின காசு' என்ற வாதம் அங்கேயே சரிந்துவிட்டது.

எனவேதான், வருபவர்களிடம் அரசாங்கத்தின் மீதான கோபத்தைச் சற்று ஒத்திவைத்து முதலில் தங்கள் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறேன். அண்மையில் ஒரு கடைக்காரரின் மனைவி வந்திருந்தார். 1962இல் பிறந்தவர், 1989இல் இங்கே வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் கணக்குக் காட்ட வந்த இடத்தில் பேச்சுவாக்கில் இவருடைய பதிவையும் கணினியில் திறந்தோம். ஆண்டுக்கு ஆண்டு 'முழுமையில்லை' என்ற வரி திரை நிறைய இறங்கிக்கொண்டே போனது. தேறியவை ஒன்பது ஆண்டுகள். பத்தாவது இல்லாவிட்டால் பூச்சியம். "இருபது வருசம் கடையிலை காசு வாங்கிற இடத்திலை நிண்டனே!" என்றார். நின்றது உண்மைதான்; ஆனால் கடையின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் ஏறவில்லை.

பிள்ளைகளுக்கான கொடுப்பனவு 1991 முதல் அவர் பெயரில் வந்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. 1978 முதல் 2010 வரை, பிள்ளை வளர்த்த ஆண்டுகளுக்கும் ஓய்வூதியப் பாதுகாப்பு இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பித்தவர்கள் பலர் காப்புறுதி எண்ணைக் குறிப்பிடாததால், அந்த ஆண்டுகள் பதிவேட்டில் ஏறாமல் விடுபட்டுப்போயின. விடுபட்ட அந்த ஆண்டுகளைச் சேர்க்கக் கோரும் சி.எஃப். 411 படிவத்தை அனுப்பினோம். சில மாதங்களில் பதினாறு ஆண்டுகள் அவர் பதிவில் வந்து சேர்ந்தன.

அத்தோடு, கடையில் அவர் செய்யும் வேலைக்கு முறைப்படி சம்பளம் காட்டத் தொடங்கினோம். 2025-26இல் வாரம் 125 பவுண் சம்பளம் ஆண்டு முழுதும் காட்டப்பட்டாலே ஓர் ஆண்டு தேறிவிடும். 242 பவுணைத் தாண்டும்வரை அவர் சம்பளத்திலிருந்து காப்புறுதிக்கென ஒரு பென்ஸும் கழியாது. அவருக்கு ஓய்வூதிய வயது 67. அது 2029இல்தான் வருகிறது. அதற்குள் இன்னும் சில ஆண்டுகள் சேர்ந்துவிடும். போகும்போது கணவரைப் பார்த்து, "என்ரை பேர் இப்பதான் கடைக் கணக்கிலை ஏறுது" என்றார். கணவர் பதில் சொல்லவில்லை. வாகனத் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.