மஃப்ளர்: கழுத்துத் துணி குழாயான கதை

தமிழில் 'மஃப்ளர்' என்றதும் நினைவுக்கு வருவது குளிருக்குக் கழுத்தில் சுற்றும் கம்பளித் துணிதான். எஞ்சினின் புகைக்குழாயில் பொருத்தும் உருளையை நாம் 'சைலன்சர்' என்கிறோம். அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்களுக்கு அந்த உருளையும் மஃப்ளர்தான். சொந்தமாகச் சிறு விமானம் கட்டுவோர் இந்த இரண்டு பெயர்களையும் மாறி மாறிச் சந்திக்க நேரும்.

துணிதான் மூத்தது. பழைய பிரெஞ்சில் 'மூஃப்ள்' என்றால் விரல்களுக்குத் தனித்தனி உறை இல்லாத தடித்த கையுறை. அதை ஒட்டி ஆங்கிலத்தில் 'மஃபிள்' என்ற வினை வந்தது. சுற்றிப் போர்த்துதல் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் மஃப்ளர் என்பது முகத்தையும் கழுத்தையும் மூடும் துணி. துணி சுற்றிய முரசு மந்தமாகத்தானே ஒலிக்கும்? ஒலியை மழுங்கச் செய்வதும் அந்த வினையின் பொருளாயிற்று. 1897இல் அமெரிக்காவில் எஞ்சின் மஃப்ளருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டபோது சொல் குழாய்க்கு வந்துவிட்டது.

எஞ்சினில் பொருத்தும் இந்த உருளைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? 'மஃபிள்' என்பதற்கு நேரான தமிழ் வினை 'பொத்து'. வாயைப் பொத்துகிறோம், காதைப் பொத்துகிறோம். அழகான சொல், ஆனால் இந்தக் கருவிக்கு ஆகாது. புகைக்குழாயைப் பொத்தினால் எதிரழுத்தம் ஏறி எஞ்சின் மூச்சுத் திணறும், திறன் குறையும். 'ஒலியடக்கி' வழக்கில் இருக்கிறது. அடக்குவது என்றால் முழுதும் பணியவைப்பது. 'சைலன்சர்' தரும் வாக்கும் அதுதான், மௌனம். இந்த உருளை அப்படி எதையும் செய்வதில்லை.

வால்வு திறந்ததும் அழுத்தம் மிகுந்த வாயு ஒரே வீச்சில் குழாய்க்குள் பாய்கிறது. காதை அறைவது அந்த அழுத்த அலை. குழாயைப் போல மூன்று மடங்கு விட்டமுள்ள அறைக்குள் அலை நுழைந்தால் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பிவிடும். அத்தகைய ஓர் அறையால் குறைவது, கணக்குப்படி, அதிகபட்சம் 13 டெசிபல். அந்த உச்சப் பயனுக்கும் அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓடினால் நொடிக்கு 90 வெடிப்புகள். சூடான வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 6 மீட்டர், கால் பங்கு ஒன்றரை மீட்டர். சிறு விமானத்தின் எஞ்சின் மூடிக்குள் அதற்கு இடம் ஏது?

துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த வகையும் உண்டு. கழுத்துத் துணியின் நேரடி வாரிசு இதுதான் என்று எனக்குத் தோன்றும். கீச்சென்ற ஓசையை உறிஞ்சும், அடித்தொண்டை உறுமலை விட்டுவிடும். நெடுநாள் ஓடிய ஒன்றை அறுத்துப் பார்த்தால் பஞ்சு பொடிந்து, துளைகள் வழியே பாதி வெளியேறியிருக்கும்.

ஆகவே என் தேர்வு 'தணி'. வெயில் தணிகிறது, சினம் தணிகிறது, குரலைத் தணித்துப் பேசுகிறோம். எதுவும் அற்றுப்போவதில்லை, கடுமைதான் குறைகிறது. 'ஒலிபெருக்கி' நம் நாவில் ஊறிய சொல். அதே வார்ப்பில் 'ஒலிதணிப்பி' எளிதாக அமைகிறது. இடையில் ஒற்று மிகாது. 'ஒலிதணிப்பான்' என்று எழுதினாலும் குற்றமில்லை.

சொல்லில் இந்த அளவு அடக்கம் இருப்பது கட்டுவோருக்கும் உதவும். மேற்சொன்ன எஞ்சினோடு இரண்டு இறக்கை கொண்ட புரொப்பெல்லரை நேரடியாக இணைத்தால், இறக்கைகள் காற்றை வெட்டும் ஓசையும் நொடிக்கு 90 முறைதான். இரண்டு உறுமலும் ஒரே சுருதியில் கலந்துவிடும். ஒலிதணிப்பியை எவ்வளவு கவனமாகச் செய்து பொருத்தினாலும் அது தணிப்பது குழாயின் பங்கை மட்டுமே.