பென்சிலை விட மெல்லிய ஒரு கம்பியும் பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கும்

போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஓடும் பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அகலமான டயர் போட்டதிலிருந்து ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. வேற வண்டியில கழட்டின பவர் ஸ்டியரிங் பாக்ஸ் போட்டுத் தரேன்னு பட்டறையில சொல்றாங்க. போடலாமா? உள்ள என்னதான் நடக்குது?"

போடலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போட்டால் பட்டறையில் ஏமாற மாட்டீர்கள்.

டயர் ஏன் கனக்கிறது என்பது பள்ளிக்கூட உராய்வுப் பாடம்தான். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பினால், தரையில் பதிந்திருக்கும் ரப்பர் அப்படியே தேய்ந்துகொண்டு திரும்ப வேண்டும். டயர் அகலமானால், காற்றும் குறைவாக இருந்தால், பதியும் இடம் பெரிதாகி அதன் ஓரங்கள் திரும்பும் அச்சிலிருந்து தள்ளிப் போகின்றன. வீலும் வெளியே தள்ளி நிற்கும் ரகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி உருள ஆரம்பித்ததும் பாதிக் கனம் போய்விடும், அதையும் கவனித்திருப்பீர்கள்.

பழைய சாதா பாக்ஸ்கள் பலவற்றுக்குள் வொர்ம் என்ற திருகுத்தண்டு, அதன் மேல் ஒரு நட், இரண்டுக்கும் நடுவே எஃகு பால்கள். தண்டு சுற்றினால் பால்கள் உருண்டு நட்டை முன்னும் பின்னும் நகர்த்தும், நட்டின் வெளிப்புறப் பற்கள் செக்டர் ஷாஃப்ட் என்ற பல் வைத்த தண்டைத் திருப்பும், அதன் முனையில் இருக்கும் பிட்மேன் ஆர்ம் என்ற கை, சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்கைத் தள்ளும். பவர் பாக்ஸிலும் இதேதான், ஒரு மாற்றம் தவிர: அந்த நட்டே பிஸ்டனாகிவிடுகிறது, பாக்ஸின் உடம்பே சிலிண்டராகிவிடுகிறது. ஒரு பக்கம் ஆயில் அழுத்தினால் நட் தானே நகரும்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று ஆயிலுக்கு யார் சொல்வது? பாக்ஸுக்குள் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு ஒயர்கூடக் கிடையாது. இருப்பது ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, டார்ஷன் பார். பல பாக்ஸ்களில் 5 மிமீ அளவுதான், பென்சிலை விட மெல்லியது. இதன் மேல்முனை உங்கள் கையிலிருந்து வரும் தண்டோடும், கீழ்முனை வொர்மோடும் சின்ன முளை அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். மேலே இருக்கும் தண்டைச் சுற்றி நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அதை மூடியபடி ஒரு உறை, அந்த உறையின் உள்பக்கமும் பள்ளங்கள். உறை வொர்மோடு சேர்ந்தது.

நேராக ஓட்டும்போது கம்பி முறுக்கில்லாமல் இருக்கிறது. இரண்டு வரிசைப் பள்ளங்களும் நடுவில் நிற்பதால், இன்ஜின் சுற்றும் பம்ப் அனுப்பும் ஆயில் எந்தப் பக்கமும் அழுத்தாமல் டேங்குக்குத் திரும்பிப் போய்விடும். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். டயர் அசைய மறுக்கிறது, அதனால் வொர்மும் மறுக்கிறது, கை மட்டும் திரும்புகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி, ஈரத்துணியைப் பிழிந்தது போல் சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சில டிகிரியில் ஒரு பக்கப் பள்ளம் அகலமாகத் திறந்து மறுபக்கம் மூடிக்கொள்ள, ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறி, பிஸ்டன் நகர்ந்து, டயர் திரும்புகிறது. பிஸ்டன் நகரும்போது வொர்மையும் சேர்த்துச் சுற்றுவதால் கீழ்முனை கையை எட்டிப் பிடித்துவிடும். கம்பியின் முறுக்கு அவிழும், பள்ளங்கள் நடுவுக்கு வரும், அழுத்தம் போய்விடும். நீங்கள் இன்னும் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து.

கை எவ்வளவு திணறுகிறது என்பதை அந்தக் கம்பி அளக்கிறது, அளந்ததற்கு ஏற்ற உதவியை வரவழைக்கிறது, உதவி வந்ததும் கதவைத் தானே சாத்துகிறது. இவ்வளவையும் ஒரு கம்பியின் முறுக்கு செய்வதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. இன்ஜின் நின்றுவிட்டாலும் பயமில்லை. சில டிகிரிக்கு மேல் முறுக விடாமல் மேல் தண்டு வொர்மை நேராகவே பிடித்துத் திருப்பும், கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஆயில் பவர் ஸ்டியரிங்கின் ஆரம்பத்தை அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியரிடம் தேட வேண்டும். பியர்ஸ் ஆரோ கம்பெனியில் லாரிகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் அவருக்கு. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக முயன்று, 1926இல் ஒரு காரில் ஆயில் அழுத்த ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது, 1934இல் செலவு கட்டாது என்று கைவிட்டது. பொதுமக்கள் வாங்கும் காரில் அது வந்தது 1951 கிரைஸ்லர் இம்பீரியலில்தான். கால் நூற்றாண்டு! நம் இன்ஜினியரிங் காலேஜ்களில் கடையில் கிட் வாங்கிப் பூட்டிவிட்டு புராஜெக்ட் என்கிறார்கள். அந்தக் காசில் புதுப்பேட்டையில் ஒரு பழைய ஸ்டியரிங் பாக்ஸ் வாங்கிக் குறுக்கே அறுத்துப் பார்க்கச் சொன்னால் பையன்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். யார் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் ஜீப்புக்கு வருவோம். பெரிய பிஸ்டன் உள்ள பாக்ஸ்தான் நல்லது என்று பட்டறையில் சொல்வார்கள். 70 மிமீ பிஸ்டனின் பரப்பு சுமார் 38.5 சதுர செமீ. ஆயில் அழுத்தம் சதுர செமீக்கு 70 கிலோ என்று வைத்தால் தள்ளும் விசை ஏறத்தாழ 2,700 கிலோ. அதே அழுத்தத்தில் 80 மிமீ பிஸ்டன் 3,500 கிலோவைத் தொட்டுவிடும். குறுக்களவில் 10 மிமீ கூடியதற்கு 30 சதவீதம் லாபம், நல்லதுதான். ஆனால் பெரிய பிஸ்டன் ஒரு செமீ நகரவும் 30 சதவீதம் கூடுதல் ஆயில் வேண்டும். அழுத்தம் பலத்தைத் தருகிறது, வேகத்தைத் தருவது ஆயிலின் ஓட்டம். பம்ப் சிறியதாக இருந்தால், ஐட்லிங்கில் நின்றுகொண்டு வேகமாகத் திருப்பும்போது ஸ்டியரிங் பாதியில் பிடித்துக்கொள்ளும். பாக்ஸையும் பம்பையும் ஜோடியாகப் பாருங்கள்.

டார்ஷன் பார் ரொம்ப மெல்லியதாக உள்ள பாக்ஸ் ஒரு விரலில் திரும்பும், ஆனால் தரை எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. மலைப்பாதையில் எனக்கு அது பிடிக்காது, கொஞ்சம் கனம் இருக்கட்டும்.

முக்கியமான விஷயம் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. செக்டர் பல்லின் ஆரம் 3.5 செமீ, பிட்மேன் ஆர்ம் 15 செமீ என்றால், அந்த 2,700 கிலோ டிராக் லிங்கில் 630 கிலோவாக இறங்குகிறது. டிராக் லிங்கை அவ்வளவு விசையோடு தள்ளும்போது பாக்ஸ் அதே அளவு சேசிஸைப் பின்னால் தள்ளும். ஒவ்வொரு வளைவிலும் இடம் வலமாக மாறி மாறி. அமெரிக்காவில் 1984இலிருந்து 2001 வரை விற்ற ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டிக்குத் தனி சேசிஸ் இல்லை, மடித்த தகரம்தான். பெரிய டயர் போட்டு ஓட்டியவர்கள் பலருக்கு பாக்ஸ் போல்ட்டைச் சுற்றி விரிசல் விட்டது. அங்கே பிளேட் வைத்து வெல்டு பண்ணி, எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு ஒரு முட்டும் கொடுப்பார்கள். உங்களுடையது தனி சேசிஸ், ஆனாலும் வயதானது. போல்ட் துளைகளைச் சுற்றித் துருவைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதை வேண்டாம் என்று சொல்லவில்லை, விரிசலுக்கு வெல்டிங்தான் மருந்து.

இன்னொன்று. சில பாக்ஸ்கள் ஆக்சிலுக்கு முன்னால் நிற்பதற்காகச் செய்தவை, சில பின்னால். மாற்றி வைத்தால் இடது திருப்ப வண்டி வலது போகும்! போல்ட் முடுக்கும் முன் பிட்மேன் ஆர்ம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பழையதோடு ஒப்பிடுங்கள். ஓரத்துக்குத் திருப்பினால் ஆக்சில் முனையில் இருக்கும் ஸ்டாப்பர்தான் முதலில் முட்ட வேண்டும், பாக்ஸுக்குள் பிஸ்டன் போய் முட்டக்கூடாது. ஸ்டியரிங்கில் ப்ளே (ஆட்டம்) இருக்கிறது என்று பாக்ஸின் மேல் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போகும் மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்துங்கள், வெளியே கம்பிகளைச் சேர்க்கும் பால் ஜாயின்ட்டில் தேய்மானத்தை வைத்துக்கொண்டு அதை இறுக்கினால் நல்ல பற்கள்தான் தேயும்.

ஆயில் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். டேங்கில் குமிழி வருவது நின்று, ஆயில் மட்டமும் இறங்காமல் இருந்தால் சாவியைப் போடலாம். ஸ்டார்ட் பண்ணின பிறகு பம்ப் ஊளையிட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, அணைத்துவிட்டு நுரை அடங்கும்வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.