"விலை அதிகம்" என்ற புகாருக்குள் ஒளிந்திருக்கும் மவுஸ்

சிறிய குழுக்கள் செய்யும் ஸ்ட்ராடஜி கேம்களுக்கு, அதாவது திட்டம் போட்டு ஆடும் கம்ப்யூட்டர் கேம்களுக்கு, வரும் ரிவ்யூக்களைப் படித்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக விளையாடுபவர்களின் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி. இரண்டு வரிகள் சலிக்காமல் வரும். "கன்ட்ரோல் சரியில்லை." "இந்தக் காசுக்கு வொர்த் இல்லை." முதல் வரி புரோகிராமருக்குப் போகும், இரண்டாவது விலையை முடிவு செய்பவருக்கு. (மூன்று பேர் குழுவில் இரண்டும் ஒரே ஆள்தான்.) நான் பார்த்தவரை, இரண்டாவது வரி பல நேரம் முதல் வரி போட்ட மாறுவேஷம்.

இதற்கு ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸை விடப் பெரிய சாட்சி கிடைக்காது. அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட கேம். குள்ளர் கூட்டம் ஒன்று மலையைக் குடைந்து கோட்டை கட்டும். யாரையும் நாம் கையைப் பிடித்து நகர்த்த முடியாது, வேலைகளைக் குறித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். 16 ஆண்டுகள் அது முழுக்க இலவசம். ரசிகர்கள் தரும் நன்கொடையில்தான் அண்ணன் தம்பியின் பிழைப்பு ஓடியது.

காசே கேட்காத கேமில் ஆள் நின்றிருக்க வேண்டுமே? எட்டிப் பார்த்தவர்களில் ஏராளமானோர் முதல் நாளே ஓடிப்போனார்கள். திரை முழுக்க எழுத்தும் குறியும். மவுஸுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. கீபோர்டில் ஒரு குள்ளரைப் பார்க்க 'வி' பட்டன், கட்டடத்துக்கு வேலை கொடுக்க 'கியூ', அதே கட்டடத்துக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று பார்க்க 'டி', தரையில் கிடப்பதைப் பார்க்க 'கே'. ஒரு மெனுவில் அம்புக்குறியால் இறங்க வேண்டும், அடுத்த மெனுவில் கூட்டல் கழித்தல் பட்டனால். வயல் போடும்போது நீள அகலத்தை மாற்ற யு, எம், கே, எச். அந்தக் 'கே' மறுபடியும் வேறு வேலைக்கு வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? விரலுக்குப் பழக்கம் ஏறவே விடாத ஏற்பாடு இது.

2022 டிசம்பர் 6 அன்று இதே கேம் கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் என்ற வெளியீட்டாளர் மூலமாக, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 29.99 டாலருக்கு வந்தது. மவுஸ் வேலை செய்தது. படங்கள், இசை, தொடக்கத்தில் கைபிடித்துச் சொல்லிக் கொடுக்கும் சின்னப் பயிற்சி எல்லாம் சேர்ந்தன. உள்ளே ஓடும் உலகம் பழையதுதான். சகோதரர்கள் தங்கள் மாத வருமானத்தை வெளிப்படையாகச் சொல்பவர்கள்: டிசம்பரில் சுமார் 15,600 டாலர், ஜனவரியில் 72 லட்சம் டாலருக்கு மேல். ஸ்டீம் ஒரு மாதத்து விற்பனைப் பணத்தை அடுத்த மாதம் தருவதால் கணக்கு இப்படி. பழைய இலவசப் பதிப்பு அப்போதும் பக்கத்திலேயே கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது. பதினாறு வருஷமாகச் சேர்ந்த பெயருக்கும் படங்களுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் சும்மா கொடுத்தபோது வேண்டாம் என்று போனவர்கள் முப்பது டாலர் எடுத்து நீட்டியது நடந்த கதை.

இன்னொரு வேடிக்கை. மவுஸ் வந்ததும் பழைய ஆட்கள் புகார் சொன்னார்கள், "எங்கள் கீபோர்டு எங்கே?" என்று. வருஷக்கணக்காக விரலில் ஏறிய வேகம் ஒரே நாளில் போனால் கோபம் வராதா? அப்புறம் வந்த அப்டேட்களில் கீபோர்டு கர்சரைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதியவருக்கு வழி போடும்போது பழையவரின் வழியை அடைக்காமல் இருப்பது நல்லது.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போர் கேமின் சோதனைக்கு வந்த கல்லூரி மாணவர் தன் லேப்டாப்பிலேயே விளையாடினார், மவுஸ் இல்லை, டிராக்பேட் மட்டும். கேமராவைச் சுழற்றும் வேலை மவுஸின் நடு பட்டனில் இருந்தது. டிராக்பேடில் அந்தப் பட்டன் ஏது? ஆட்டம் முழுவதையும் அவர் ஒரே கோணத்தில் ஆடினார். குன்றுக்குப் பின்னால் நின்ற வில்லாளிகள் அவர் கண்ணில் படவே இல்லை. படை அழிந்தது. கடைசியில் படிவத்தில் எழுதினார்: "கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது. இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்கலாம்." கேமரா என்ற சொல்லே அதில் இல்லை. தனக்குத் தெரியாத பட்டனைப் பற்றி யார்தான் புகார் எழுத முடியும்? கியூ, ஈ இரண்டு எழுத்துகளில் சுழற்சியை வைத்ததும் அடுத்து வந்தவர்கள் குன்றைச் சுற்றிப் பார்த்தார்கள். இதே ரகத்தில் இன்னொன்று: தமிழ் விசைப்பலகையை மாற்ற மறந்து உள்ளே போனால் சில கேம்களில் ஒரு ஷார்ட்கட்டும் ஓடாது. பிரெஞ்சு கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறி இருப்பதால் டபிள்யூ, ஏ, எஸ், டி பட்டன்களால் நகர்த்துவது அங்கே விரலை முறுக்கும். பட்டன்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழி வைத்தால் இரண்டாவது சிக்கலாவது தீரும்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஸ்ட்ராடஜி கேமில் சூடு பிடிக்கவே அந்த 2 மணி நேரம் ஆகும். அதாவது காசு தங்குமா திரும்புமா என்பது, கை இன்னும் பழகிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே முடிவாகிறது. இது புரியாமல் 'விலை அதிகம்' என்பதைப் பார்த்ததும் பல குழுக்கள் ஆஃபர் போடுகின்றன. 20 சதவீதம் குறைத்தால் விஷ்லிஸ்ட்டில் (பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியல்) வைத்திருப்பவர்களுக்கெல்லாம் மெயில் போகும், கூட்டம் வரும். அதே நடு பட்டனில் போய் முட்டும். குறைந்த விலைக்கு நிறைய மோசமான ரிவ்யூ, அதுதான் மிச்சம்.

விளையாடுபவர் சொல்லும் மருந்தை அப்படியே கொடுக்கவும் கூடாது. "தப்பாக கிளிக் செய்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் அன்டூ வேண்டும்" என்று, செய்ததைத் திருப்பிப் போடும் வசதியைக் கேட்பார்கள். கொடுத்தால் ஆட்டத்தில் ஆபத்தே இருக்காது. 2018-இல் வந்த இன்ட்டூ த ப்ரீச் என்ற ஸ்ட்ராடஜி கேம் இதை அழகாகத் தீர்த்தது. நகர்த்தியதைத் தாக்கும் வரை திரும்பப் பெறலாம். தாக்கிய பிறகு முடியாது, ஒரு சண்டைக்கு ஒரே ஒரு முறை அந்தச் சுற்றை முழுசாகத் திருப்பலாம். கை தவறியதற்கு மன்னிப்பு உண்டு, புத்தி தவறியதற்குக் கொஞ்சம்தான்.

சரி, விலைப் புகார் எல்லாமே வேஷமா? இல்லை. ரிவ்யூவுக்குப் பக்கத்தில் விளையாடிய நேரம் இருக்கும், முதலில் அதைப் பார்ப்பேன். ஐம்பது நிமிஷம் ஆடியவர் "விலை அதிகம்" என்றால் கன்ட்ரோலைச் சந்தேகப்படுவேன். அறுபது மணி நேரம் ஆடியவர் சொன்னால் அது விலையேதான். டாலர் விலையை ரூபாய்க்கு அப்படியே பெருக்கிப் போட்டிருந்தாலும் விலையேதான், ஒவ்வொரு கரன்சிக்கும் தனி விலை வைக்க ஸ்டீம் விடுகிறது. பிராக் நகரத்து வூப் சாஃப்ட்வேரின் ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கேமுக்கு ஆஃபரே போடுவதில்லை. 2023 ஜனவரியில் விலைவாசியைக் காரணம் காட்டி 30 டாலரை 35 ஆக்கினார்கள், திட்டும் வாங்கினார்கள். ஆனால் அங்கே ஒரு இயந்திரத்தின் மேல் மவுஸை வைத்து கியூ தட்டினால் அதே இயந்திரம் கைக்கு வருகிறது. கட்டியதைக் காப்பி செய்து ஒட்டலாம். வாங்கும் முன் தொட்டுப் பார்க்க இலவச டெமோவும் உண்டு. அந்தப் பிடிவாதம் இதையெல்லாம் நம்பித்தான் நிற்கிறது. டெமோ கூட இல்லாத குழு இந்தப் பாதியை விட்டுவிட்டு ஆஃபர் மறுப்பை மட்டும் காப்பியடித்தால் வம்பு.

ரிவ்யூ எழுதுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மவுஸா டிராக்பேடா என்று சொல்லுங்கள். "கன்ட்ரோல் மோசம்" என்று எழுதும் இடத்தில் "மூன்றாவது சண்டையில் வில்லாளியைத் தேர்ந்தெடுக்கப் போனால் பக்கத்துச் சுவர் தேர்வாகிறது" என்று எழுதுங்கள், அன்று மாலையே சரிசெய்ய முடியும். விலையைப் பற்றி எழுதினால் எந்தக் கரன்சியில் எவ்வளவு கொடுத்தீர்கள், ஆஃபரிலா முழு விலையிலா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.