வைக்கோல் ஏற்றி ஒடிந்த டிரெய்லர்

போன தை அறுப்பு சமயம், கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லரை இன்னொரு வண்டியில் தூக்கிப் போட்டு, காரைக்குடியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் தாங்கும் நீள இரும்புச் சட்டத்தைச் சேனல் என்போம்; அதில் இடது பக்கச் சேனல் வாய் பிளந்து, பெட்டி சாய்ந்து கிடந்தது. "அண்ணே, வெறும் வைக்கோல்தான் ஏத்துனேன், அதுக்குப் போயி இப்படி ஒடியுமா? பாடி கட்டுனவன் ஏமாத்திட்டான்ணே" என்றார் வண்டிக்காரத் தம்பி.

பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி காவித் துரு, மீதி மட்டும் புதுக் காசு மாதிரிப் பளபளப்பு. பளபளப்பது அன்றைக்கு ஒடிந்தது, துரு ஏறியது பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தது. அதற்கு முன்னால் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டேன். ஆடியில் ஒரு பழைய வீட்டை இடித்த இடத்திலிருந்து கல்தூண் அடித்தாராம். "நடைக்கு 24 தூண்தாண்ணே. பெட்டிகூட நிறையல."

இந்த 'பெட்டி நிறையல' பேச்சுதான் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. கருங்கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 8 அடி உயரம், 8 அங்குலச் சதுரத் தூண் ஒன்று 270 கிலோவைத் தொடும், ஆக 24 தூண் ஆறரை டன். அவருடைய டிரெய்லரோ 4 டன்னுக்குக் கட்டியது. எம்-சாண்டும் இப்படித்தான். 10 அடிக்கு 6 அடிப் பெட்டியில் 2 அடி உயரத்துக்கு மட்டமாக நிரப்பினாலே ஐந்தரை டன் வந்துவிடும், இதில் பக்கப் பலகையை ஒரு அடி உயர்த்திக் கட்டிக்கொண்டு வருபவர்களை என்ன சொல்ல? கண்ணால் உயரத்தைப் பார்த்துப் பாரத்தை மதிப்பிட முடியாது, எடை மேடையில் ஏற்றினால்தான் தெரியும்.

இரும்பு பெரும்பாலும் பாரம் ஏற்றிய அன்றைக்கு ஒடியாது. வெல்டிங் வைத்த இடங்களுக்கு ஒரு கணக்கு உண்டு: அழுத்தம் இரண்டு மடங்கானால், அந்த இணைப்பு தாங்கும் நடைகளின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆடியில் விழுந்த மயிரிழை விரிசல் ஒவ்வொரு பள்ளத்திலும் வளர்ந்து, தையில் வைக்கோலுக்கு முழுசாக விட்டது. அது தொடங்கிய இடமும் தெரிந்தது. முன்பு யாரோ ஒருவர் பலப்படுத்துகிறேன் என்று சேனலின் கீழ் மடிப்புக்குக் குறுக்கே ஒரு கோடு வெல்டிங் இழுத்திருந்தார். இழுவிசை அதிகம் விழும் இடம் அது. அங்கே குறுக்கே வைக்கும் வெல்டிங், பிளேடு கீறல் மாதிரி.

சேனலோடு முடியவில்லை. இரண்டு டயரும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. ஆக்சில் அடியில் நூல் பிடித்தால் நடுவில் 8 மில்லி தொய்வு. டிராக்டரில் மாட்டும் டிராபார் கண்ணிலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் வைத்தால் ஒரு பக்கம் 22 மில்லி குறைவு, அதாவது ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே நகர்ந்துவிட்டது. பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைகள் வளைவு போய் நேராகிவிட்டன.

"ஆக்சில காய்ச்சி நிமித்திருங்கண்ணே, பட்டையில எக்ஸ்ட்ரா ரெண்டு போடுங்க, நாளைக்கு லோடு இருக்கு" என்றார். மாட்டேன் என்றேன். காய்ச்சி நிமிர்த்திய ஆக்சிலை நம்பி ரோட்டில் யாரையும் அனுப்ப எனக்கு மனசில்லை. கமான் பட்டை பதம் போட்ட இரும்பு, அதில் கேஸ் காட்டினாலோ வெல்டிங் வைத்தாலோ பதம் போய்விடும். பட்டையை மட்டும் கூட்டினால் வண்டி தொய்வது கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இன்னும் ஏற்றுவார், அடுத்து சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் பேரிங் போகும்.

ஆக்சில், பேரிங், பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் புதுசு, பட்டை இரண்டு பக்கமும் புதுசு. சேனலை ஜாக்கி வைத்து நிமிர்த்தி, பழைய வெல்டிங்கை முழுக்க அரைத்து எடுத்தேன். விரிசல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி பூசினால், உள்ளே இறங்கிய எண்ணெய் கொஞ்ச நேரத்தில் ஊறி ஒரு கோடாக வெளியே வரும். கண்ணில் பட்டதைவிட ஒரு விரற்கடை மேலே போயிருந்தது! அந்த நுனியில் 8 மில்லி ஓட்டை போட்டு நிறுத்திவிட்டு, வி வடிவில் வாய் வெட்டி, காயவைத்த 7018 என்ற வெல்டிங் ராடில் அடைத்தேன். தாங்கு பிளேட்டைச் சேனலின் பக்கவாட்டில், முனைகளைச் சாய்வாக வெட்டி வைத்தேன். கீழ் மடிப்பில் குறுக்கே ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. மூன்று நாள் ஆனது. தம்பிக்குக் கோபம்தான்.

அப்புறம் ஒரு விஷயம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அவருக்கு என் பில் அதைவிட அதிகம்.

முதல் லோடு ஓடியதும் யூ போல்ட் இறுக்க வரச் சொல்லியிருந்தேன், புதுப் பட்டை பாரத்தில் அமுங்கி உட்காரும்போது நட்டு தளரும். மறுவாரம் வந்தார். எட்டு நட்டில் ஐந்து நட்டு, ஒவ்வொன்றும் கால் சுற்று ஏறின.