ஒலி சர்வரை ஒதுங்கச் சொன்ன நிரல், அதைத் திரும்ப இயக்கிவிட்டே முடிய வேண்டும்

லினக்ஸில் சி மொழியில் எழுதப்படும் சில பயன்பாடுகள் ஒலி அட்டையைத் தனியுரிமையாகத் தம் வசம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காக அவை, பல நிரல்களின் ஒலியைக் கலந்து அட்டைக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ சர்வரின் சிங்க்கை (ஒலி வெளிச்செல்லும் வழியை) சஸ்பெண்ட் செய்துவிட்டு (தற்காலிகமாக நிறுத்திவிட்டு), கெர்னலின் ஒலி அமைப்பான அல்சா வழியாக அட்டையை நேரடியாகத் திறக்கின்றன. மறுஆய்வுக்கு என்னிடம் வரும் நிரல்களில் அட்டையைப் பெறும் பகுதி கவனமாக எழுதப்பட்டிருக்கும். விடுவிக்கும் பகுதியோ கடைசியில் அவசரமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். பயன்பாட்டை மூடிய பிறகு கணினியில் ஓசையே வரவில்லை என்ற புகாரின் வேர் பலமுறை அங்கேதான் இருக்கிறது.

ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முடிந்தால் எல்லாம் தானாக விடுபடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ‘சிக்கில்’ என்ற, தடுக்க முடியாத சிக்னலை அனுப்பிக் கொன்றாலும் கெர்னல் அதன் ஃபைல் டிஸ்கிரிப்டர்களை (திறந்து வைத்த கோப்பு, சாதனங்களைக் குறிக்கும் எண்களை) மூடிவிடும். ஃபோர்க் செய்த சைல்ட் (அதிலிருந்து பிரிந்த துணை ப்ராசஸ்) அதே டிஸ்கிரிப்டரை வைத்திருந்தாலொழிய அட்டை விடுபட்டுவிடும். ஆனால் சஸ்பெண்ட் என்பது சர்வர் தனக்குள் வைத்திருக்கும் நிலை; நிரல் இறந்தாலும் அது தானாக மாறாது. பல்ஸ்ஆடியோவைக் கட்டுப்படுத்தும் ‘பேக்டில்’ கட்டளையால் சிங்க்கை நிறுத்தினால், அந்தக் கட்டளை முடிந்த பின்னும் அது நின்றபடியே இருப்பதும் இதனால்தான்.

இன்னொரு இடறலும் உண்டு. திரும்ப இயக்கச் சொல்லும் அழைப்பு உடனே நிறைவேறுவதில்லை. அது வரிசையில் சேர்க்கப்பட்டு அந்தக் கோரிக்கையைக் குறிக்கும் ஆபரேஷன் பாயின்டர் ஒன்றைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. அடுத்த வரியிலேயே இணைப்பைத் துண்டித்து வெளியேறினால் கோரிக்கை சர்வரைச் சென்றடையாமலே போகலாம். கால்பேக் (கோரிக்கை முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்) வரும்வரை மெயின்லூப் (நிகழ்வுகளைக் கையாளும் சுழற்சி) ஓட வேண்டும். கால்பேக்கில் வரும் வெற்றி மதிப்பையும் பார்க்க வேண்டும்.

வரிசை முக்கியமானது. முதலில், அட்டைக்கு ஒலியை எழுதும் த்ரெட் நின்று ஜாயின் ஆக வேண்டும் (அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்). மீதி ஒலி தேவையென்றால் டிரெயின் (ஒலித்து முடித்தல்), தேவையில்லையென்றால் டிராப் (உடனே நிறுத்திக் கைவிடுதல்), பிறகு க்ளோஸ், அதன் பிறகே சர்வரை இயக்கச் சொல்ல வேண்டும். க்ளோஸுக்கு முன்பே இயக்கச் சொன்னால், ஒரே நேரத்தில் ஒருவருக்கே இடம் தரும் அட்டையில் சர்வருக்கு ‘இபிஸி’ (சாதனம் பயன்பாட்டில் உள்ளது) பிழைதான் கிடைக்கும். நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலுக்கான ஹேண்ட்லருக்குள் (அதைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்) இந்த வேலைகளைச் செய்யக் கூடாது. அங்கே ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, மெயின் லூப்பில் விடுவிக்க வேண்டும்.

சிக்கில்லுக்கு ஹேண்ட்லரே கிடையாது என்பதால், புதிதாக எழுதுபவர்களுக்கு நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ்ஸின் ரிசர்வ்டிவைஸ் (சாதனத்தை ஒதுக்கிக்கொள்ளும்) முறையையே நான் பரிந்துரைக்கிறேன். அதில் முதல் அட்டைக்கு ‘ஆடியோ0’ என்று முடியும் பஸ் பெயரை நிரல் பெற்றுக்கொள்கிறது. அதைக் கவனித்து பல்ஸ்ஆடியோ ஒதுங்குகிறது. நிரல் திடீரென இறந்தால் இணைப்பு அறுந்து, பெயரும் தானாக விடுபடுகிறது. சர்வர் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஜாக் என்ற மற்றொரு ஒலி சர்வரும் இந்த முறையைப் பின்பற்றுகிறது. இங்கேயும் அட்டையை மூடிய பிறகே பெயரை விட வேண்டும்.

சோதிக்கும்போது, ப்ராக் கோப்பகத்தில் அசவுண்டின் கீழ் அந்த அட்டைக்குரிய ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். நிரல் முடிந்ததும், வேறு எதுவும் ஒலிக்காத நிலையில், அதில் ‘க்ளோஸ்டு’ என்றிருக்க வேண்டும். அப்படியில்லாவிட்டால் அட்டையைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணும் அதே கோப்பில் கிடைக்கும்.